கல்லில் ஏறிய அப்பாவின் பெயர்

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அம்மா மறைந்து இன்றோடு ஓர் ஆண்டு. அவர் சாதுவானவர், யாரையும் நோகடிக்காதவர் என்று மகள் நான் எழுதினால் அது பொய். பலரை நோகடித்தார். அதனால்தான் வென்றார்.

பரமக்குடிப் பக்கம் பிறந்தவர். கல்யாணமான மாதமே கப்பலேறி அந்தமானில் சௌல்தாரிக்கு வந்தார். கத்தரியும் வெண்டையும் போட்டு, கூடையைப் பஸ்ஸில் ஏற்றிப் போய் விற்று, என்னையும் தம்பியையும் படிக்க வைத்தார். அப்பா கொத்தனார்.

நிக்கோபாரில் வேலைக்குப் போகப் பாஸ் வேண்டும். ஒப்பந்தக்காரர் பெயர்ப் பட்டியல் கொடுத்து மொத்தமாக வாங்குவார். அந்தமுறை பட்டியலில் அப்பா இல்லை. அவருடைய நண்பர் மாரி சித்தப்பா இருந்தார். புறப்படும் நாளில் சித்தப்பாவுக்குக் காய்ச்சல். "மாரி பேருல நீ ஏறு" என்றார் ஒப்பந்தக்காரர். அப்போது எல்லாரும் செய்ததுதான். அப்பா கப்பலேறினார். அங்கே இருந்தபோது சுனாமி வந்தது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

பிறகு இறந்தவர்களுக்கு நினைவிடம் கட்டி, பக்கத்தில் அருங்காட்சியகமும் வைத்தார்கள். மாரி சித்தப்பாவையும் கூட்டிக்கொண்டு போனோம். உள்ளே கண்ணாடிப் பெட்டியில் சேறு காய்ந்த கொத்துக்கரண்டி ஒன்று. அதன் முன்னால் அம்மா நின்றுவிட்டார். அது யாருடையதோ. வெளியே வந்து கல்லில் பெயர்களைத் தேடினோம். அப்பா பெயர் இல்லை. மாரி சித்தப்பாவின் பெயர் இருந்தது.

"அண்ணி, நான் செத்துட்டேன் போல" என்று சித்தப்பா சிரித்தார்.

"உயிரோட இருக்கிறவன் பேரு அங்க எதுக்கு? போய்ச் சொல்லு."

சிரிப்பு நின்றது. அவர் அதற்குள் அரசு வேலையில் சேர்ந்திருந்தார். "பாஸை மாத்திக் குடுத்தேன்னு எழுதினா நௌக்ரி போயிடும் அண்ணி."

அம்மா தனியாக அலைந்தார். ஆபீஸில், "அம்மாஜி, லிஸ்ட் பக்கா ஹோ கயா. அப் குச் நஹி ஹோகா" என்பார்கள். பட்டியல் முடிந்துவிட்டது, இனி ஒன்றும் நடக்காது என்று அர்த்தம்.

"நஹி, நஹி! வேற வார்த்தையே படிக்கலையா நீ?" என்று அம்மா தமிழிலேயே திட்டுவார்.

"செத்தவர் திரும்பியா வரப்போறார், விடு" என்று சொன்னவர்கள் இதைப் படிப்பவர்களிலும் இருக்கிறீர்கள். நான் மறக்கவில்லை.

ஆண்டுகள் போயின. ஒருநாள் அம்மா நேரே பெரார்கஞ்சில் இருந்த சித்தப்பா வீட்டுக்குப் போனார். "கல்லுல செத்துக் கிடக்கிறதும் நீ, ஆபீஸ்ல கையெழுத்துப் போடுறதும் நீ. எது பொய்னு உன் பிள்ளைங்க கேட்டா என்னடா சொல்லுவ?" என்று கேட்டுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பினார்.

மறுநாள் காலை சித்தப்பா எங்கள் வாசலில் நின்றார். "வாங்க அண்ணி. போறது போகட்டும்." நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். விளக்கம் கேட்டார்கள், வேலையில் கை வைக்கவில்லை. கல்லில் அவர் பெயர் போய் அப்பா பெயர் ஏறியது.

அன்று அம்மா அரக்குச் சேலை கட்டிக்கொண்டு வந்தார். புருஷன் பெயரை வாயால் சொல்லாத தலைமுறை அவர். ஆபீஸில் கேட்டால்கூட என்னைத்தான் சொல்லச் சொல்வார். அந்தக் கல்லின் முன்னால் அப்பா பெயரை மூன்று முறை சத்தமாகப் படித்தார். காவலாளி ஓடிவந்து, "மாதாஜி, ஆஹிஸ்தா" என்று மெதுவாகப் படிக்கச் சொன்னார்.

"இத்தனை வருஷம் சத்தமில்லாமத்தானே கிடந்துச்சு இந்தப் பேரு!"

சித்தப்பா கண்ணைத் துடைத்தார். "இன்னைக்குத்தான் அண்ணி எனக்கு உயிர் வந்துச்சு."

"வந்துச்சுல்ல? எல்லாருக்கும் டீ வாங்கிக் குடு."

கடைசி மாதங்களில் சர்க்கரை நோய் அம்மாவைப் படுக்கையில் தள்ளியது. பார்க்க வருகிறவர்களிடம் நோயைப் பற்றிப் பேசமாட்டார். "கல்லைப் பார்த்தியா?" என்றுதான் கேட்பார்.

அம்மாவைத் தூக்கி உட்கார வைத்த பக்கத்து வீட்டு பெங்காலி அக்காவுக்கும், மருந்து வாங்க ஓடிய தம்பியின் நண்பர்களுக்கும், வேலை போனாலும் போகட்டும் என்று உண்மை எழுதிய மாரி சித்தப்பாவுக்கும் எங்கள் நன்றி.

சாப்பாடு தம்பியின் டாலிகஞ்ச் வீட்டில். அதற்கு முன் எல்லாரும் நினைவிடத்துக்குப் போகிறோம். "விடு" என்று சொன்னவர்களும் வாருங்கள். கல்லைப் படித்துவிட்டு வந்து இலையில் உட்காருங்கள்.