முப்பத்தொன்பதில் நின்ற சூடு

கண்ணுகளே, இது நான் கட்டிய கதையில்லை. கனடாவின் ரெக்ஸ்டேலில் கஜனி குடியிருந்த பேஸ்மென்ற்றில், பட்டப்பகலில் நடந்தது. சாப்பிட்டுக்கொண்டு வாசிக்காதீர்கள்.

கஜனி ஆட்டிறைச்சி ரோல்ஸ் செய்து விற்பவள். அவள் பிழைப்பு முழுவதும் ஒரு பழைய ஃபிரீசருக்குள் இருந்தது. கோடையில் அது நின்று, ஆட்டிறைச்சி அழுகி, பச்சைநீர் வடிந்து, நாற்றம் மெத்தை வரை ஏறியது. இன்னொரு முறை அப்படியானால் தொழிலே போச்சு. அதனால் புருசன் சுலக்சன் உள்ளங்கையளவு கொம்பியூட்டர் ஒன்றை ஃபிரீசர்மேல் பொருத்திப் பூட்டினான். உள்ளே குளிர் குறைந்தால் அது போனில் அலறும்.

ஆனால் அந்தக் குட்டிக் கொம்பியூட்டருக்கே சூடு. எண்பது டிகிரி வந்தால், எரிந்துபோகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துவிடும். அலறலும் பிந்தும்.

ஆயுதபூசை வந்தது. கீழ் அலுமாரியில், இவர்கள் குடிவருமுன்பே வெள்ளைத் துணி கட்டிய செம்பொன்று இருந்தது. உள்ளே திருநீறு. கொஞ்சம் கரகரத்தது. நீரில் குழைத்து, குட்டியின் தலைத்தகட்டில் மூன்று குறி இழுத்தாள். தன் நெற்றியிலும். ஒரு சிட்டிகை வாயிலும்.

மறுநாள் போனில் பார்த்தால், குட்டியின் சூடு முப்பத்தொன்பது.

வேலையில் நின்ற சுலக்சனுக்குப் போன் போட்டாள். "திருநீறு பூசினன், குறைஞ்சிட்டுதப்பா!"

"உமக்கு விசர். வேகத்தைக் கூட்டிப் பாரும், ஏறும்."

கூட்டினாள். முப்பத்தொன்பது.

அடியோடு குறைத்தாள். முப்பத்தொன்பது...

பிற்பகல் 3.10. தகட்டில் ஈரம். துடைத்தாள். மறுபடி துளிர்த்தது. பிசுபிசுப்பு. விரலை மணந்தாள். நாட்பட்ட வேர்வை... காய்ச்சல்காரரின் தலையணை நாற்றம்.

தொட்டாள். மெத்தென்றிருந்தது. தோல் போல.

குட்டியின் வயரைப் பிடுங்கினாள்.

அதன் விசிறி நின்றது.

ஸ்ஸ்... ஹா... ஸ்ஸ்... ஹா...

போன் அதிர்ந்தது.

முப்பத்தொன்பது.

மேல்வீட்டுக்கு ஓடினாள். வீட்டுக்காரர் தியாகலிங்கம் சூட்கேஸ் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், கீழை..."

"நல்லதாப் போச்சு பிள்ளை. கீழ் அலுமாரியிலை ஒரு செம்பு கிடக்கு, எடுத்துத் தாரும். ஊருக்குப் போறன். கீரிமலைக் கடலிலை கரைக்கவேணும்."

"என்னத்தை?"

"என்ரை மனிசி பேபியின்ரை சாம்பல். மேலை சாமியறை இருக்கு, அங்கை வச்சால் துடக்கெண்டு கீழை வச்சனான். அவவும் கீழைதான் கிடந்தவ. கடைசி மட்டும் காய்ச்சல் முப்பத்தொன்பதிலையே நிண்டது."

கஜனியின் பல்லிடுக்கில் ஏதோ கரகரத்தது.

"என்ன பிள்ளை, இப்பிடி வேர்க்குது?" நெற்றியில் கை வைத்தவர் சட்டென்று எடுத்தார். "சுடுதே!"

கண்ணுகளே, அந்தக் குட்டி அன்றே குளிர்ந்துவிட்டது. இறைச்சியும் கெடவில்லை. ரோல்ஸ் சுற்றத்தான் கஜனிக்குக் கை எழவில்லை. காய்ச்சல் எந்த மருந்துக்கும் அசையாமல், முப்பத்தொன்பதிலேயே நிற்கிறது.