குண்டூசி ஒட்டாத பெட்டி

காந்தத்தை விற்பது சுலபம், அதைத் தபாலில் அனுப்புவதுதான் பெரும்பாடு. பார்சல் கட்டிக் கட்டிக் கை காய்த்துப்போன சக பாவப்பட்டவர்களே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். ப்ளஸ் டூ கணக்கில் நான் ஃபெயில். மறுபடி எழுத மாட்டேன் என்று அடம்பிடித்து, அருப்புக்கோட்டையில் ஆன்லைனில் காந்தம் விற்கும் அண்ணாச்சி கடையில் சேர்ந்தேன். "வேலை போச்சுன்னா மறுநாளே டுடோரியலு" என்று அப்பா சொல்லிவிட்டார்.

தராசு

முதல் பார்சல். காந்தத்தைத் துணியில் சுற்றி அட்டைப்பெட்டியில் போட்டு, டேப்பு ஒட்டித் தபாலாபீசுக்குக் கொண்டுபோனேன். தராசில் வைத்தேன். எடை பார்த்தாச்சு, பெட்டியை எடுக்க முடியவில்லை. இழுத்தால் தராசும் கூடவே வருகிறது. பின்னால் வரிசை முணுமுணுக்கிறது. கவுண்டரில் இருந்த அக்கா எழுந்து நின்று சொன்னார்: "ஏ பிள்ள, தராசு கவர்மெண்டு சொத்து. அதையும் சேத்து அனுப்பணும்னா மேலிடத்துல கேக்கணும்."

முறுக்கு டப்பா

"இரும்புக்குள்ள வச்சா இழுவை வெளிய வராது" என்றார் அண்ணாச்சி. வீட்டிலிருந்து முறுக்கு டப்பாவைக் கொண்டுவந்து அதற்குள் வைத்தேன். தகடு மெலிசு, காந்தம் பெரிசு. மதுரைக்குப் போக வேண்டிய பார்சல், வேனின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு திருச்சுழி வரை போய்த் திரும்பிவந்தது. கொண்டுவந்த போஸ்ட்மேன் மூச்சு வாங்கினார்: "வேன விட்டு எறங்க மாட்டேன்னுருச்சு தாயி. ரெண்டு பேரு சேந்து பேத்து எடுத்தோம்."

குண்டூசி

"இனி ஒண்ணு திரும்பி வந்துச்சு, நீயும் வீட்டுக்குத் திரும்பிரு" என்றார் அண்ணாச்சி. பயத்தில் ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். ஒன்று நேராக, இன்னொன்று தலைகீழாக என்று இரண்டு காந்தங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்றின் இழுவையை மற்றது அடக்கும். சுற்றிலும் கனத்த இரும்புத் தகடு, அதற்குமேல் தெர்மாகோல், பெரிய பெட்டி. வெளியே குண்டூசியை வைத்தேன், வழுக்கி விழுந்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

போர்வெல் குழாய்க்குள் ஸ்பேனரைத் தவறவிட்டு, அதை இழுத்தெடுக்கக் காந்தம் கேட்ட ஒரு தேனிப் பக்கத்து விவசாயிக்கு அது போனது. பிரிக்காமலே திரும்பி வந்தது. போன் போட்டுக் கேட்டேன். "பெட்டிய இரும்பு பீரோவுல ஒட்ட வச்சுப் பாத்தேன், சும்மா கெடக்கு. இழுக்காத காந்தத்த நான் எதுக்கும்மா பிரிக்கணும்?"

விரல்

அண்ணாச்சியும் குண்டூசி வைத்துப் பார்த்தார். ஒட்டவில்லை. "காலிப் பெட்டியவா அனுப்புன?" என்று பெட்டியைக் கிழித்தார். "மெதுவா அண்ணாச்சி" என்றேன், காதில் வாங்கவில்லை. ஜோடியை நெம்பிப் பிரித்தார். பிரிந்த வேகத்தில் திரும்ப ஒட்டியது, நடுவில் அவர் விரல். அலறினார். இழுத்தால் வராது, பக்கவாட்டில் நகர்த்தினால் வரும். எனக்குத் தெரியும். பொய் சொல்ல மாட்டேன், உடனே நகர்த்தவில்லை. "என் வேலை அண்ணாச்சி? போச்சுன்னா அப்பா டுடோரியல்ல சேத்துருவாரு" என்றேன்.

"இருக்கு தாயி, இருக்கு! டுடோரியலும் வேணாம், ஒண்ணும் வேணாம், மொதல்ல வெரல எடு!"

இழுத்தால் தபாலாபீசு திட்டும், இழுக்காவிட்டால் வாங்கியவர் திட்டுவார் என்பதால், இப்போதெல்லாம் பெட்டிக்கு மேலே 'உள்ளே நிஜமாகவே காந்தம் இருக்கிறது' என்று எழுதிவிட்டுத்தான் டேப்பு ஒட்டுகிறேன்.