பன்னிரண்டு மணல் மூட்டைகள்

மூட்டைக்காரர் என்றால் அந்த வட்டாரத்தில் வண்டி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். மூட்டை தூக்குகிற ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். டீசல் பிக்கப் வண்டிகளுக்கு டர்போ பார்க்கிற மெக்கானிக். அவருடைய ஷெட்டின் பின்சுவரை ஒட்டிப் பன்னிரண்டு மணல் மூட்டைகள் அடுக்கியிருக்கும். என்ன கோளாறு என்று வந்த வண்டியானாலும் சரி, வேலை முடிந்ததும் அந்தப் பன்னிரண்டையும் ஏற்றி, கல்குவாரிப் பக்கம் போகும் மேட்டுச் சாலையில் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் சாவியைக் கையில் தரமாட்டார். ஹாரன் மாற்ற வந்தவனுக்கும் மூட்டைதான். அவன் தலையில் அடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, இவர் ஐம்பத்து மூன்று வயது இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏற்றினார்.

இதனாலேயே அவருக்குப் பேரும் வந்தது, தொழிலும் பெருகியது. "மூட்டைக்காரர் கை வெச்சா அந்த வண்டி வழியில நிக்காது" என்று ஊரே சொல்லும். அந்தப் பாராட்டைக் கேட்டால் அவர் பேச்சை மாற்றிவிடுவார்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. ஆறு வருடமாக அவர் சலூன் வாசலை மிதித்ததில்லை. மனைவிதான் வீட்டில் நாற்காலி போட்டு முடி வெட்டிவிடுவாள். அந்த அம்மாள் நல்லவள், ஆனால் கத்தரிக்கோலுக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். காதுக்கு மேலே ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கித்தான் இருக்கும். "எலி கடிச்சிடுச்சா?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்து வைப்பார். மூட்டைக்கும் முடிக்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. சம்பந்தம் இருந்தது.

ஆறு வருடத்துக்கு முன்னால் அவர் சொந்த ஷெட் வைத்திருக்கவில்லை. ஊருக்குள் இருந்த பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் தலைமை மெக்கானிக். ஒரு சனிக்கிழமை மதியம், பின்பக்கம் கயிறு கட்டுகிற கொக்கியைக் கோணலாக வெல்டிங் செய்திருந்த வெள்ளை பிக்கப் ஒன்று வந்தது. ஓட்டி வந்தவர் வீடு மாற்றுகிறவர்களுக்குச் சாமான் ஏற்றுபவர், முப்பத்தைந்து வயது இருக்கும். "லோடு ஏத்தினா மட்டும்தாண்ணே வருது. மேட்டுல திடீர்னு இழுக்க மாட்டேங்குது. லைட் எரியுது. சும்மா ஓட்டினா ஒண்ணுமே தெரியல" என்றார். அதோடு இன்னொரு வார்த்தையும் சொன்னார். அதை மட்டும் மூட்டைக்காரர் இன்றுவரை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

டர்போ ஒன்றும் மாய வித்தை இல்லை. என்ஜின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும். அந்தச் சக்கரம் வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் திணிக்கும். காற்று நிறையப் போனால் வண்டி பாய்ந்து போகும். போகிற வழியில் எங்காவது கசிந்தால் வண்டிக்கு மூச்சு முட்டும், கரும்புகை தள்ளும். வண்டியின் கம்ப்யூட்டர் பயந்துபோய் என்ஜினை அடக்கிவிடும். நீங்கள் என்ன மிதி மிதித்தாலும் நகராது. ஆனால் கசிவைக் கண்டுபிடிப்பதில்தான் சங்கடம். காலி வண்டிக்கு அவ்வளவு அழுத்தம் தேவையில்லை. அதனால் ரப்பர் ஹோஸில் சின்னக் கீறல் இருந்தால் அது வாயை மூடிக்கொண்டு சாதுவாக இருக்கும். பாரம் ஏறி, சூடு ஏறி, மேட்டில் முழு அழுத்தம் வந்தால்தான் வாயைத் திறக்கும்.

இதெல்லாம் அவருக்குத் தெரியாததா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்று சலூன் அரை நாள்தான். மறுநாள் ஒரு விசேஷத்துக்குப் போக வேண்டும், தலை காடாக வளர்ந்து கிடந்தது, இரண்டு மணிக்குள் போனால்தான் உண்டு. வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனரை மாட்டினார். பழைய கோளாறுக் குறியை அழித்தார். காலி வண்டியைத் தெருவைச் சுற்றி ஒரு ஓட்டு ஓட்டினார். என்ஜின் கேட்ட அழுத்தமும் கிடைத்த அழுத்தமும் ஒன்றாகவே இருந்தன. ஹோஸைப் பிடித்திருக்கும் கிளாம்புகளை இறுக்கினார். பார்த்து முடித்த கிளாம்பின் மேல் மஞ்சள் பெயின்டால் ஒரு பொட்டு வைப்பது அவர் வழக்கம், வைத்தார். வைப்பதற்கு முன்னால், ஹோஸின் அடிப்பக்கம் எண்ணெய்ப் பிசுக்காக இருந்ததைப் பழைய துணியால் சுத்தமாகத் துடைத்தார். வேலை பார்த்த இடம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்ற தொழில் கௌரவம். டர்போவிலிருந்து வரும் காற்றில் துளி எண்ணெய் கலந்தே வரும். கீறல் இருக்கும் இடத்தில் அந்த எண்ணெய் கசிந்து படியும். கீறலுக்கு இருந்த ஒரே சாட்சியை அவரே துடைத்துவிட்டார். "ஒண்ணுமில்ல, தைரியமா ஓட்டு" என்று முதுகில் தட்டி அனுப்பினார். சலூனுக்கு நேரத்தோடு போய்ச் சேர்ந்தார்.

செவ்வாய்க்கிழமை அந்த ஆள் இறந்தார். குவாரி மேட்டில் லாரியை முந்தப் போயிருக்கிறார், பாதி வழியில் எதிரே வண்டி வந்துவிட்டது. டிரைவர் பக்கத்தில்தான் அடி, முன்பக்கம் அவ்வளவாகச் சேதமில்லை. ஆய்வு செய்த அதிகாரி பிரேக் பார்த்தார், ஸ்டியரிங் பார்த்தார், டயர் பார்த்தார், எல்லாம் சரி. அவசரப்பட்டு முந்தியதால் விபத்து என்று எழுதி முடித்தார்கள். ஹோஸை யார் பார்க்கப் போகிறார்கள்?

போலீஸ் வண்டியைப் பிடித்து வைத்திருந்த இடத்துக்கு மூட்டைக்காரர் இரண்டு முறை போனார். பானெட்டைத் தூக்கிக் கையை உள்ளே விட்டால் தெரிந்துவிடும். இரண்டு முறையும் வேலியோரம் நின்றுவிட்டுத் திரும்பினார். ஒருவேளை ஹோஸ் நன்றாகவே இருக்கலாம், அந்த ஆள் நிஜமாகவே அவசரப்பட்டிருக்கலாம். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டுதான் ஆறு வருடத்தை ஓட்டினார். யாராவது கேட்டால் சொல்லிவிடலாம் என்று இருந்தார், யாரும் கேட்கவில்லை. கேட்காதவர்களும் நல்லவர்கள், சொல்லாதவரும் நல்லவர். நடுவில் செத்துப்போன மனிதர் மட்டும் அவசரக்காரர் என்று பேர் வாங்கிக்கொண்டார்.

ஆனால் அது அவரைச் சும்மா விடவில்லை. மேட்டில் ஏறும் எந்த வண்டியின் டர்போ விசில் கேட்டாலும், அது நடுவில் அறுந்து போகிறதா என்று காது காத்துக் கிடக்கும். வீட்டில் குக்கர் சீறத் தொடங்கினால் எழுந்து வாசலுக்குப் போய்விடுவார். மனைவி காரணம் கேட்டுப் பார்த்துவிட்டு, கடைசியில் குக்கரைப் பரணில் போட்டுவிட்டுப் பானைக்கு மாறினாள். ஒரு மாதத்தில் ஒர்க்‌ஷாப்பை விட்டார். தனி ஷெட் போட்டார். முதல் வேலையாக மணல் வாங்கினார்.

போன மாதம் ஒரு காலை, நீல பிக்கப் ஒன்று ஷெட்டுக்குள் வந்தது. ஓட்டி வந்தது ஒரு பெண். நாற்பது வயது இருக்கும். செடி விற்கிற நர்சரி வைத்திருக்கிறாராம், தொட்டியும் மண்ணும் ஏற்ற வண்டி வேண்டுமாம். வீட்டுக்காரருடைய வண்டி, ரொம்ப நாள் கொட்டகையில் கிடந்தது, இப்போதுதான் டிங்கரிங் பார்த்து, பெயின்ட் அடித்து, ஓட்டக் கற்றுக்கொண்டு எடுத்திருக்கிறேன் என்றார். எல்லோரும் உங்களிடம்தான் போகச் சொன்னார்கள் என்றும் சொன்னார்.

"என்ன செய்யுதும்மா?"

"லோடு ஏத்தினா மட்டும்தாண்ணே வருது" என்றார் அந்தப் பெண்.

அதே வார்த்தை என்று மூட்டைக்காரருக்கு உறைத்தது. வண்டியின் பின்பக்கம் போய்ப் பார்த்தார். கயிறு கட்டுகிற கொக்கி ஒன்று கோணலாக வெல்டிங் செய்யப்பட்டிருந்தது. நீலப் பெயின்டுக்கு அடியில் ஒரு கீறலில் வெள்ளை தெரிந்தது. வந்து பானெட்டைத் தூக்கினார். ஆறு வருட அழுக்குக்கு நடுவே, கிளாம்பின் மேல், அவர் வைத்த மஞ்சள் பொட்டு அப்படியே இருந்தது.

புது ஹோஸ் அலமாரியில் இருந்தது. மாட்டப் பத்து நிமிடம் போதும். பழையதைக் கழற்றிக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டால் விஷயம் அதோடு முடிந்தது. அந்தப் பெண் நன்றி சொல்லிவிட்டுப் போவார், நாலு பேரிடம் மூட்டைக்காரர் புகழ் பாடுவார். ஸ்பானரைக் கையில் எடுத்துவிட்டார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். அலமாரி வரைக்கும் போய்விட்டார். அதற்குள் அந்தப் பெண் மூட்டைகளைப் பார்த்து, "இதை ஏத்தணும்னு சொன்னாங்களே, நானும் ஒரு கை பிடிக்கவா?" என்று ஒரு மூட்டையின் காதைப் பிடித்துவிட்டார். மூட்டைக்காரர் ஸ்பானரைக் கீழே வைத்தார். இருவருமாகப் பன்னிரண்டையும் ஏற்றினார்கள்.

வண்டியைத் தான்தான் ஓட்டுவேன் என்று அந்தப் பெண் பிடிவாதமாகச் சொன்னார். மூட்டைக்காரர் பக்கத்தில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் இரண்டு கோடுகள், ஒன்று என்ஜின் கேட்கிற அழுத்தம், ஒன்று கிடைக்கிற அழுத்தம். சமதரையில் இரண்டும் கை கோத்துக்கொண்டு போயின. குவாரி மேடு தொடங்கியது. முன்னால் செங்கல் லாரி ஒன்று முக்கி முனகி ஏறிக்கொண்டிருந்தது.

"முந்தாதீங்கம்மா. பின்னாலேயே வாங்க. ஆனா நல்லா மிதிங்க."

அவர் மிதித்தார். டர்போ விசில் ஏறியது, ஏறியது, அறுந்தது. என்ஜின் கேட்கிற கோடு மேலேயே நிற்க, கிடைக்கிற கோடு பொத்தென்று விழுந்தது. மஞ்சள் விளக்கு எரிந்தது. வண்டி துவண்டது, லாரி தள்ளிப் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பெண் பெடலைத் தரையோடு அழுத்தினார், பயனில்லை. எப்படியோ ஓரம் கட்டினார். அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் பேருந்து ஒன்று இறங்கி, லாரிக்குப் பக்கத்தில் இருந்த இடத்தை நிரப்பிக்கொண்டு போனது. முந்தியிருந்தால் அவர்கள் இருந்திருக்கும் இடம் அது.

அந்தப் பெண்ணின் கால் இன்னும் பெடலில் இருந்தது.

"இப்படித்தானா அவருக்கும்?" என்றார்.

மூட்டைக்காரர் இறங்கி, பானெட்டைத் தூக்கி, சூட்டைப் பொருட்படுத்தாமல் ஹோஸின் அடிப்பக்கம் விரலை விட்டார். எண்ணெய்ப் பிசுக்கு. அதற்கு நடுவில் ஒரு விரல் நீளத்துக்குக் கீறல். ஆறு வருடத்து ஒருவேளை அங்கேயே தீர்ந்தது. விரலைத் துடைக்காமல் அப்படியே வந்து, ஜன்னலோரம் நின்று, எல்லாவற்றையும் சொன்னார். காலி வண்டியை ஓட்டிப் பார்த்தது, துணியால் துடைத்தது, மஞ்சள் பொட்டு, சலூன், எதையும் விடவில்லை. சலூனைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

அந்தப் பெண் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெடலிலிருந்து காலை எடுத்து, என்ஜினை அணைத்தார்.

"ஆறு வருஷமா நான் அவரைத்தான் திட்டிக்கிட்டிருக்கேன்" என்றார். "புள்ளையை நினைக்காம என்ன அவசரம்னு. போட்டோவைப் பார்த்தாலே திட்டுவேன். என் பொண்ணு பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டியில, அவசரம் எங்கப்பாவைக் கொன்னுடுச்சுன்னு பேசிப் பரிசு வாங்கினா. நான்தான் எழுதிக் கொடுத்தேன்."

 ஷெட்டுக்குத் திரும்பியதும் புது ஹோஸ் மாட்டினார். மறுபடி மேட்டில் ஓட்டிப் பார்த்தார்கள், கோடுகள் பிரியவில்லை. இறங்கும்போது அந்தப் பெண் பழைய ஹோஸை அவர் கையிலேயே கொடுத்து, "என்கிட்ட சொன்னது போதாது. இதை எடுத்துக்கிட்டு வீட்டுக்கு வாங்க. என் பொண்ணுகிட்ட நீங்களே சொல்லணும்" என்றார்.

மறுநாள் ஞாயிறு. காலையில் போனார். சின்ன வீடு, வாசல் முழுக்கச் செடித் தொட்டிகள். கூடத்தில் அந்த ஆளின் படம், அதற்குப் பக்கத்திலேயே கண்ணாடி போட்ட பரிசுச் சான்றிதழ். பதினான்கு வயதுப் பெண் எதிரே வந்து உட்கார்ந்தாள். அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. மூட்டைக்காரர் ஹோஸைத் தரையில் வைத்து, கீறலை விரலால் பிரித்துக் காட்டிச் சொன்னார். முந்தத் தொடங்கும்போது உன் அப்பா எதிர்ப்பக்கம் பார்த்துத்தான் போயிருப்பார், வண்டி வழக்கம்போல் இழுத்திருந்தால் தாண்டியிருப்பார், பாதியில் அதை நிறுத்தியது இந்தக் கீறல், கீறலைப் பார்க்காமல் விட்டது நான் என்று சொன்னார். 

அவள் கீறலைத் தொட்டுப் பார்த்தாள்.

"அப்பா அன்னைக்கு உங்ககிட்ட என்ன பேசினாரு?"

லோடு ஏற்றினால் வருகிறது என்று சொன்னார் என்றார்.

"வேற?"

யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்த வார்த்தை அது. ஒவ்வொரு விசிலிலும் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்த வார்த்தை. நான் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்து வேலை செய்தேனம்மா, அதை உன் அப்பா கவனித்துவிட்டார், அப்போது சொன்னார் என்றார்.

"என்ன சொன்னாரு?"

"'எனக்கு ஒண்ணும் அவசரமில்லண்ணே. நிதானமாப் பாருங்க'ன்னு சொன்னாரும்மா."

அந்தச் சிறுமி சான்றிதழைத் திரும்பிப் பார்க்கவில்லை. சமையலறை வாசலில் நின்ற அம்மாவையும் பார்க்கவில்லை. ஹோஸை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க மாமா" என்றாள்.

அவர் சொன்னார்.