மூன்றாம் வால்வின் பக்கத்தில் நின்றவர்

தமிழ்வேந்தனுக்கு அந்தக் கண்ணாடியை மாட்டிவிட்டவள் நான்தான். அதனால் நல்லவள் மாதிரி நடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.

எங்கள் ஆலை மீஞ்சூரைத் தாண்டி இருக்கிறது. இன்ஜினியர்களுக்கு அடுத்த ஆண்டு என்ன பயிற்சி தேவை என்று திட்டம் போடுவது என் வேலை. முன்பெல்லாம் ஒரு படிவம் கொடுப்போம். எல்லாம் தெரியும் என்று டிக் அடித்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். போன வருடம் வி.ஆர். கண்ணாடி வந்தது. மாட்டினால் கண்ணெதிரே பம்ப் ரூம். உள்ளே ஆள் செய்வதைப் பார்த்து, யாருக்கு எந்தப் பயிற்சி என்று கம்ப்யூட்டரே சொல்லிவிடும். இரண்டு முறை தவறினால் வேலை போய்விடும்.

தமிழ்வேந்தன் ஏரிக்கரையில் இருக்கும் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து மெக்கானிக்கல் படித்தவர். பன்னிரண்டு வருட சர்வீஸ். பம்பின்மேல் உள்ளங்கையை வைத்தே பேரிங் போகப்போவதைச் சொல்லிவிடுவார். அவர் ஷிஃப்டில் ஒருத்தருக்கும் விரல்கூட நசுங்கியதில்லை.

கண்ணாடிக்குள் குழாய் வெடிக்கும். மூன்றாம் வால்வை மூட வேண்டும். அதன் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்ட பொம்மை ஆள் ஒருவன் நிற்பான். அது அவன் பொறுப்பு என்று பலகையில் எழுதியிருக்கும். ஆனால் அசையமாட்டான். நாம் மூடுகிறோமா என்பதுதான் சோதனை.

இவர் மூடவில்லை. "யோவ், இது உன் மொறய்யா! மூடுய்யா!" என்று காற்றைப் பார்த்துக் கத்தினார். வெளியே திரையில் பார்த்துக்கொண்டு நின்ற நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். பம்ப் ரூம் மூழ்கியது.

"ஏன் சார், நீங்களே மூடியிருக்கலாமே?"

"அவரு நிக்கும்போது நா எப்டி மேடம் கை வெக்கறது?"

பிறகு சொன்னார். அவர்கள் ஊர் ஏரியில் யார், எந்த நாள், எங்கே வலை போடுவது என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்களாம். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவர் பாட்டில் கை வைக்கக் கூடாது. ஒருமுறை வேறொருவர் வலையை வெள்ளம் அடித்துக்கொண்டு போக, இவருடைய நைனா இழுத்துக் காப்பாற்றினார். "அதுக்கே ஒரு மாசம் ஏரில எறங்காதன்னுட்டாங்க. மாசம் பூரா வூட்ல கஞ்சிதான்."

"அப்போ வேலையை விட்டுட்டு ஏரிக்கே போறீங்களா?" எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"எங்க போறது? இங்க வரும்போதே என் பாட்டத் தம்பிக்கு வுட்டுக் குடுத்துட்டேன். அங்கயும் எடமில்ல. இன்னா பண்ணச் சொல்றீங்க?"

இதையெல்லாம் எழுத ரிப்போர்ட்டில் இடமேது? இருந்த நாலு காரணங்களில் 'முடிவெடுக்கப் பயம்' என்பதை அழுத்தினேன். சே, எனக்கே வெட்கமாக இருந்தது.

அடுத்த சனிக்கிழமை கடைசி வாய்ப்பு. குழாய் வெடித்தது. இம்முறை அவர் கத்தவில்லை. கையைத் தூக்கினார், இறக்கினார்.

"சார், அது பொம்மை சார்! மூடித் தொலைங்க!" விதியை மீறி நான் கத்தினேன்.

கை காற்றில் மெல்லத் திரும்பியது. திரையில் பச்சை. கைதட்டினோம். கூடவே அவருடைய பயிற்சித் திட்டமும் வந்தது: தயக்கம் போகும்வரை இதே காட்சி, மாதம் இரண்டு சனிக்கிழமை, ஒரு வருடத்துக்கு.

"வேலை தப்பிச்சுது சார்!" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் வியர்வை.

"அந்த மஞ்ச ஹெல்மெட்டுக்காரரு ஒரு வார்த்த கேக்கல மேடம். என்னையே பாத்துனு நின்னாரு. இன்னும் இருபத்தி நாலு வாட்டி அவரு மூஞ்சிக்கு முன்னாடி இத நா செய்யணுமா?"