காலியாகக் கிடந்த வள்ளூர் சாலை

காலை எட்டு மணிக்குத் தேர்வாய் கண்டிகைத் தொழிற்பூங்கா வாசலிலிருந்து கிளம்பினோம். முன்னால் சட்டமன்றக் குழுவின் ஐந்து கார்கள், கடைசியில் துறைமுகத்தின் வேன். வேனில் நான், துறைமுகத்தின் மக்கள் தொடர்பு அதிகாரி மலர்விழி, ஓட்டுநர் முனுசாமி.

ஓர் அரசுத் துறைமுகம் அரசிடமே ஒன்றைக் கேட்டு வாங்குவது எப்படி என்று பார்த்து எழுதத்தான் போயிருந்தேன். தனியார் முதலாளி என்றால் யாரைப் பார்க்க வேண்டுமோ அவரைப் போய்ப் பார்த்துவிடுவார். இவர்கள் குழுவைக் கூட்டிவந்து காட்டலாம், குறிப்பு எழுதிக் கொடுக்கலாம், மதியம் சாப்பாடு போடலாம். அப்புறம் காத்திருக்க வேண்டியதுதான். இந்த முறை கேட்பது ஒன்றே ஒன்று, கன்டெய்னர் லாரிகளுக்குத் தனிச் சாலை. இப்போது அவை ஊர்களுக்கு நடுவேதான் போகின்றன.

மலர்விழியின் திட்டம் எனக்குப் பிடித்திருந்தது. வேலை நாள் காலையில் இந்த வழியாக வந்தால் வள்ளூரில் லாரி நெரிசலில் அரை மணி நேரமாவது மாட்டிக்கொள்ளாமல் போக முடியாது. மாட்டும் இடத்தில்தான் தேசம்மாவின் வீடு. அனல்மின் நிலைய வேலைக்கு மொபெட்டில் போன அவருடைய கணவர் டிரெய்லர் லாரியில் அடிபட்டு இறந்து இரண்டு வருடமாகிறது. கார்கள் நிற்கும்போது தேசம்மா வந்து உறுப்பினர்களிடம் பேசுவதாக ஏற்பாடு.

8.40, புதுவாயல். டீ பதினைந்து ரூபாய். குடித்துக்கொண்டே பார்த்தேன். சாலையோரம் கண்ணுக்கெட்டிய வரை லாரிகள், எல்லாமே இன்ஜினை அணைத்துவிட்டு நின்றன. குழு துறைமுகத்துக்குள் நுழையும் வரை போலீசார் விடமாட்டார்களாம். மலர்விழி ஓடிப்போய், லாரிகளை விட்டுவிடும்படி காவல் அதிகாரியிடம் கெஞ்சினார். உறுப்பினர்களை நடுரோட்டில் காக்க வைத்தால் தன்னை யார் சும்மா விடுவார்கள் என்று அவர் மரியாதையாகத்தான் கேட்டார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. பெரியவர்கள் வந்தால் எங்கள் தெருவிலும் இதுதான் நடக்கும். அப்படியிருந்தும் இது எங்கள் யாருக்கும் தோன்றவில்லையே என்று எரிச்சலாக வந்தது.

அங்கிருந்து சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். பொன்னேரியைத் தாண்டினோம். மீஞ்சூரிலும் லாரிகளை ஓரங்கட்டியிருந்தார்கள்.

“பத்து வருசமா ஓட்டிக்கினு கீறேன் மேடம். இந்த ரோட்ட நானே இன்னிக்கிதான் பாக்குறேன்” என்றார் முனுசாமி.

9.30, வள்ளூர். புதுவாயலில் பேசி நின்றதில் நாங்கள் பின்தங்கிவிட்டோம்; கார்கள் நிற்காமல் எப்போதோ போய்விட்டன. சொன்ன இடத்தில் தேசம்மா இல்லை. மலர்விழி வேனை நிறுத்தச் சொன்னார். அதற்குள் துறைமுகத்திலிருந்து போன். குழுத் தலைவர் வந்து இறங்கியதுமே, சாலை நன்றாகத்தானே இருக்கிறது, இன்னொன்று எதற்கு என்று கேட்டாராம். உடனே வரச் சொன்னார்கள். சரி என்று வைத்துவிட்டு, மலர்விழி வேனிலிருந்து இறங்கி தேசம்மாவின் வீட்டுப் பக்கம் நடந்தார். நானும் கூடப் போனேன்.

நாங்கள் வீட்டை நெருங்கும்போது பின்னால் இரைச்சல் கேட்டது. மீஞ்சூரில் நிறுத்தியிருந்ததையெல்லாம் மொத்தமாக அவிழ்த்துவிட்டிருந்தார்கள். துறைமுகத்திலிருந்து வெளியே வருபவையும் எதிரே வரத் தொடங்கின. தேசம்மா வாசலுக்கு ஓடிவந்து சாலை விளிம்பில் நின்றார். எதிர்ப்பக்கம் மளிகைக் கடை ஓரமாக அவருடைய ஆறு வயது மகள், கையில் பால் பாக்கெட்டுடன் நின்றாள். டிரெய்லர்களின் இடைவெளியில் தெரிந்தாள், மறைந்தாள். ஒரு காலைத் தார்மேல் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

மலர்விழி கையைத் தூக்கிக்கொண்டு சாலையில் இறங்கிவிட்டார். அவருக்கு நாலடி தள்ளி ஒரு டிரெய்லர் கிறீச்சிட்டு நின்றது. எதிர் வரிசையை முனுசாமி ஓடிப்போய் மறித்தார். குழந்தை ஓடிவந்து சேர்ந்தாள். தேசம்மா அவள் முதுகில் ஓர் அடி வைத்து, உடனே வாரி அணைத்துக்கொண்டார்.

“இவ்ளோ சின்னப் பொண்ண தனியா அனுப்பலாமாக்கா?” என்று கேட்டார் மலர்விழி.

“இன்னிக்கிதாம்மா அனுப்பினேன். ரோட்டுல ஒரு வண்டி இல்ல. பெரியவங்க வராங்கன்னு சொன்னியே, வந்து பாத்துட்டு லாரிய எல்லாம் வேற பக்கம் திருப்பி உட்டுட்டாங்க, இனிமே இப்பிடித்தான்னு நெனச்சிக்கினேன்.”