விளக்கச் சொன்ன பட்டை

சென்ற வாரம் பேத்தி தின்றுவிட்டுப் போட்ட சாக்லேட்டின் வெள்ளித்தாளை, என் கை என்னைக் கேளாமலே கசக்கி உருண்டையாக்கி, தண்ணீரில் தோய்த்து, குளியலறைக் குழாயின் துருவில் தேய்க்கத் தொடங்கியது. பழுப்பாக ஒரு குழம்பு வழிந்தது. துடைத்தேன், கீழே குரோம் மின்னியது.

அந்த இரும்பு மணத்தோடு வந்து நின்றது, கன்னட நாட்டில் நான் வேலை பார்த்த மண்டி மொஹல்லாவின் மோட்டார்ப் பட்டறை. சுதந்திரம் கிடைத்துச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. கல்லூரிப் பேச்சுப் போட்டிகளில் எதிரணியை வாயடைத்த பெருமையோடு அங்கே ரைட்டராக அமர்ந்தேன். கடிதம் எழுதுவதும் வாடிக்கையாளரிடம் பேசுவதும் என் வேலை. இரண்டாவதைச் சற்று மிகுதியாகவே செய்தேன், மறுக்கமாட்டேன்.

பட்டறையின் பளபளப்பு முழுவதும் ஆரோக்கியத்தின் கையில் இருந்தது. கொள்ளேகால் பக்கத்து மார்டள்ளி ஊர்ப் பெண், முப்பது வயதிருக்கும். கோணிமேல் அமர்ந்து, காரின் பம்பரை மடிமீது குறுக்கே கிடத்தி, சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை நனைத்து மெல்லத் தேய்ப்பார். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்டே வேலை செய்தார் என்று தோன்றும். கரகரப்பு அடங்கியதும் கை தானே நின்றுவிடும். அந்த இடத்தில் துரு இராது. நான் மேடையில் எத்தனையோ கைதட்டல் கேட்டவன். எங்கே நிறுத்துவது என்று அந்தக் கைக்குத் தெரிந்ததுபோல் என் வாய்க்குத் தெரிந்ததில்லை.

அலுமினியத்துக்கு அவர் முறை வேறு. கெட்டியாகக் கரைத்த புளியைப் பூசி, அது காயுமுன் தேய்த்துக் கழுவிவிட வேண்டும். காய்ந்துவிட்டால் திட்டுத் திட்டாக வெளுத்துப்போகும்.

ஒருநாள் ஒரு டாக்டரின் பெரிய கறுப்புக் கார் வந்தது. மறுநாள் அவர் மகள் மணப்பெண்ணாக அதில் போகவேண்டும். காரில் ஏறக் கால் வைக்கும் படிப்பலகையின் ஓரத்து அலுமினியப் பட்டைகளுக்குப் புளி பூசிய வேளையில், கொள்ளேகால் பஸ்ஸில் தம்பி வந்து நிற்பதாக ஆரோக்கியத்துக்குச் செய்தி வந்தது. புறப்படும்போது என்னிடம் சொன்னார்:

"ரைட்டரே, டாக்டரய்யா வருவாருங்க. புளி காயறதுக்குள்ள கொஞ்சம் வெளக்கிப் போடுங்க."

எங்கள் வீட்டில் பாத்திரத்தைத் தேய்ப்போம்; விளக்குவது என்பது பேச்சாளரின் தொழில். ஆகவே நான் மேல்துண்டைச் சரிசெய்துகொண்டு காத்திருந்தேன்.

டாக்டர் வந்தார். "என்னப்பா இது, என் வண்டிக்குச் சாணி மெழுகி வெச்சிருக்கேளே?"

"சாணியன்று ஐயா, புளி" என்று தொடங்கினேன். புளியின் குணம், அலுமினியத்தின் குணம், புதிய பாரதத்தில் உலோகங்களின் பங்கு எனப் படிப்படியாக விளக்கினேன். அவர் கைகட்டிக் கேட்டார். பின்னால் சித்திரை வெயில் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது.

ஆரோக்கியமும் முதலாளியும் ஒரே நேரத்தில் உள்ளே வந்தார்கள். ஆரோக்கியம் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். பட்டை முழுவதும் தேமல்போல் வெள்ளைத் திட்டுகள்.

முதலாளி கன்னடமும் தமிழும் கலந்து பேசுகிறவர். "ஏனம்மா இது? நாளைக்கு அவர் வீட்டுல கல்யாணம், கொத்தா, தெரியுமா உனக்கு? நாளையிலேர்ந்து வரபேடா நீ, வேலைக்கு வராதே."

ஆரோக்கியத்தின் அந்தக் கூலியில் ஊரிலிருந்த இரண்டு குழந்தைகளின் சாப்பாடு இருந்தது. அவர் என்னைச் சுட்டவில்லை. என் பக்கம் திரும்பி, மெல்லக் கேட்டார்: "வெளக்கச் சொன்னனுங்களே, வெளக்கலீங்களா?"

"விளக்கினேனே" என்றேன். சொல்லி முடிக்கும்போதுதான் அந்தச் சொல்லின் மற்றப் பொருள் எனக்கு உறைத்தது.

முன்னுரை எதுவும் கிடைக்கவில்லை. "முதலாளி, தேய்க்கச் சொல்லிட்டுத்தான் போனாங்க. நான்தான் தேய்க்காம பேசிண்டிருந்தேன். தப்பு என்னுது." என் வாழ்நாளின் மிகச் சிறிய சொற்பொழிவு அதுதான்.

டாக்டர் சிரித்துவிட்டார். முதலாளி சிரிக்கவில்லை. "சாயங்காலத்துக்குள்ள பட்டை சரியாச்சுன்னா ரெண்டு பேரும் இருங்க. இல்லேன்னா ரெண்டு பேரும் நடங்க."

சாக்கட்டிப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்து ஆரோக்கியம் ஒரு பட்டையில் அமர, எதிர்ப்பட்டையில் நான் அமர்ந்தேன்.

"வட்டம் போடாதீங்க, நேரா இழுங்க. வாய மூடுனா கையி நல்லாத்தான் போவுது உங்களுக்கு."

வெயில் தாழுமுன் திட்டுகள் மறைந்தன. டாக்டர் குனிந்து பார்த்தார். பட்டையில் அவர் முகம் நீளமாகத் தெரிந்தது. முதலாளி மறுநாள் வேலைக்கான பம்பரைக் கொண்டுவந்து ஆரோக்கியத்தின் கோணியருகே வைத்தார்.

பட்டறை இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. ஆரோக்கியம் எப்போதோ ஊர் திரும்பிவிட்டார். முகவரி கேட்டு வைத்துக்கொள்ளத் தோன்றவில்லை எனக்கு. இப்போது என் வீட்டில் "கொஞ்சம் விளக்கு" என்றால், பிள்ளைகள் எழுந்துபோய்ச் சுவரிலுள்ள சுவிட்சைப் போடுகிறார்கள்.