சத்தமில்லாத மெஷின்

சவூதியில், தம்மாமில் ஒரு மளிகைக் கம்பெனியின் கிடங்கில் இருபத்திரண்டு வருடம் ஸ்டோர்கீப்பராக இருந்தேன். கல்யாணமான நாலாம் மாதம் விமானம் ஏறியவன் நான். இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அறுபது நாள் லீவு. அப்படிப் பத்து லீவு. அந்த நாலு மாதத்தையும் சேர்த்தால்கூட, என் மனைவியும் நானும் ஒரே கூரையின் கீழ் இருந்த காலம் இரண்டு வருடத்தைத் தொடாது. இந்தக் கணக்கை அங்கே இருந்தபோது நான் ஒரு நாளும் போட்டுப் பார்த்ததில்லை. தென்காசிக்கே திரும்பி வந்து, பகலில் செய்ய வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தபோதுதான் போட்டேன்.

கேம்ப்பில் ஓர் அறைக்கு ஆறு பேர். என் குறட்டையை முதலில் கேலி செய்தார்கள், பிறகு பயந்தார்கள். ஒரு நாள் காலை டீ குடிக்கும்போது, எனக்குக் கீழ்க் கட்டிலில் படுக்கிற செங்கோட்டைக்காரர் சொன்னார்:

"அண்ணே, தூக்கத்துல நீங்க மூச்ச நிப்பாட்டிருதீங்க. ரொம்ப நேரம் ஒண்ணுமே இருக்க மாட்டேங்கு. அப்புறம் யாரோ கழுத்துல இருந்து கைய எடுத்தாப்புல இழுக்கீங்க. நாங்க அஞ்சு பேரும் முறை வச்சி உங்கள உலுப்பிக்கிட்டு இருக்கோம்."

எனக்கு அதெல்லாம் தெரியாது. பகலில் ரசீது எழுதும்போது பேனா கையைவிட்டு நழுவும், அது மட்டும் தெரியும். கம்பெனி கிளினிக்கில் ஒரு ராத்திரி தலை முழுக்க வயரை ஒட்டிப் படுக்க வைத்தார்கள். தூக்கத்தில் தொண்டை மூடிக்கொள்கிறது என்றார்கள். ஒரு மெஷின் கொடுத்தார்கள். அது விடியவிடிய ஒரே வேகத்தில் காற்றைத் தள்ளும். குழாய் வழியாக வந்து மாஸ்க்குக்குள் நுழையும் அந்தக் காற்று தொண்டையை மூடவிடாமல் பிடித்துக்கொள்ளும். மூக்கையும் வாயையும் சேர்த்து மூடும் அந்த மாஸ்க்கைப் போட்டுக்கொண்டு நான் படுத்த முதல் நாள், அறையிலிருந்த ஐந்து பேரும் பல மாதங்களுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார்களாம்.

கடைசி மூன்று லீவுக்கும் அந்த மெஷினைத் தூக்கிக்கொண்டுதான் ஊருக்கு வந்தேன். என் மனைவி அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. தினமும் துணியால் துடைத்து வைப்பாள்.

ஐம்பத்தோரு வயதில் ஒரேயடியாக வந்துவிட்டேன். ஒரே மகள், கடையநல்லூரில் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும். வந்து ஒன்பதாம் நாள், அவள் தலையணையை எடுத்துக்கொண்டு மகள் இருந்த அறைக்குப் போனாள்.

"அந்தச் சத்தம் மண்டைக்குள்ளயே நிக்கி. நீங்க தூங்குங்க. நான் அங்கன படுத்துக்கிடுதேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. நானும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. ஏழு வருடத்து மெஷின் அது. மாவு போடாமல் கிரைண்டரை ஓடவிட்டது போல ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது உண்மைதான். மெஷின்மேல்தான் எனக்குக் கோபம். எப்போது சாகும் என்று காத்திருந்தேன்.

ஆறேழு மாதத்தில் குழாய்க்குள் கறுப்பாகப் பொடி தென்பட்டது. திருநெல்வேலியில் மெஷின் விற்கிற இடத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த டெக்னீசியன் பின்பக்கத்தைப் பார்த்துவிட்டு, உள்ளே இருக்கிற பஞ்சு உதிர்ந்துவிட்டது, இனி இதைப் போட்டால் அந்தப் பொடிதான் நெஞ்சுக்குள் போகும் என்றான். வேறொருவன் என்றால் கவலைப்பட்டிருப்பான். நான் சந்தோஷப்பட்டேன். புது மெஷின்களைக் காட்டியபோது ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன்.

"சத்தம் வருமா?"

அவன் ஒன்றை ஓடவிட்டு என் காதருகே வைத்தான். "ஓடுதா இல்லியான்னு நீங்க தொட்டுத்தான் சார் பாக்கணும்" என்றான்.

பழைய மெஷின் போட்ட உடனே முகத்தில் அறைந்தாற்போலக் காற்றடிக்கும். ஏழு வருடத்தில் எனக்கு அதுதான் மூச்சு என்று ஆகியிருந்தது. புதியது தானாகவே அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ரகம். படுத்ததும் மிக லேசாக ஊதும். நல்லதற்குத்தான் அப்படிச் செய்திருக்கிறார்கள். எனக்கோ, யாரோ குழாயைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பது போலிருந்தது. மாஸ்க்கைப் பிடுங்கிப் போட்டுவிட்டு எழுந்து உட்காருவேன். எப்படியோ கண் அசந்த பிறகு அது தன் பாட்டுக்குக் காற்றைக் கூட்டும். மாஸ்க்கின் ஓரம் தூக்கிக்கொண்டு காற்று நேராகக் கண்ணில் அடிக்கும். மிச்சக் காற்று வயிற்றுக்குள் போகும். காலையில் வயிறு மத்தளம்போல இருக்கும். தொழுகையில் குனிந்தால் ஏப்பம் வரும், பக்கத்தில் நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

மூன்று வாரம் இப்படிப் போனது. காலையில் மாஸ்க் எங்கே கிடக்கிறது என்று கட்டிலுக்கடியில் தேடுவது வழக்கமாகிவிட்டது. டெக்னீசியனுக்குப் போன் போட்டால், "பழசையே நெனச்சிக்கிட்டு இருந்தா இது பழகாது சார்" என்பான். கடைசியில் ஒரு நாள் அவனே வீட்டுக்கு வந்து, ஆரம்பிக்கும்போதே பழைய அளவுக்குப் பக்கத்தில் காற்று வரும்படி மாற்றிக் கொடுத்தான். ஒரு சைஸ் சின்ன மாஸ்க் கொடுத்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, தாடி இருந்தால் மாஸ்க் ஒட்டாது என்றான்.

ஊர் திரும்பிய பிறகு ஆசைப்பட்டு வளர்த்த தாடி அது. மறுநாளே எடுத்துவிட்டேன். என் மனைவி பார்த்துவிட்டு, "நல்லாத்தான இருந்துச்சு" என்றாள். யாருக்காக எடுத்தேன் என்று நான் சொல்லவில்லை. தெரியும் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு தூக்கம் பிடித்தது. ஒரு மதியம், சாப்பிட்டு முடித்த கையோடு அவளைக் கூப்பிட்டேன். மாஸ்க்கைப் போட்டு மெஷினை ஓடவிட்டேன். அவள் கட்டில் பக்கம் வந்து, தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"ஆமா, ஒரு சத்தமும் இல்ல" என்றாள்.

அன்றைக்கே தலையணையோடு வந்தாள். இரண்டு நாள் படுத்தாள். மூன்றாம் நாள், மெஷினில் எரிகிற பச்சை வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்றாள். கறுப்பு டேப் ஒட்டினேன். மறுநாள் ஏசி குளிர்கிறது என்றாள். ஏசியை நிறுத்தினேன். அதற்கு அடுத்த நாள் அவள் காரணம் ஒன்றும் சொல்லவில்லை, தலையணையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆனி மாதம் சாரல் விழுந்ததும் மகளும் மருமகனும் குழந்தையோடு வந்தார்கள். எல்லோருமாகக் குற்றாலம் போய், ஐந்தருவிப் பக்கம் ஒரு லாட்ஜில் இரண்டு அறை எடுத்தோம். குளித்துவிட்டு வந்து பிரியாணி சாப்பிட்டதும், மகளும் என் மனைவியும் குழந்தையும் ஓர் அறையில் படுத்தார்கள். மருமகனும் நானும் டீ குடிக்கப் போனோம். திரும்பி வந்து கதவைத் திறந்தேன். ஜன்னலுக்கு நேர் கீழே ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. காணாமல் போன யாரோ ஒரு குழந்தையின் சட்டை நிறத்தை மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மங்குஸ்தான் விற்கிறவர் கத்துவது அறைக்குள்ளேயே நின்று கத்துவது போலிருந்தது. என் மனைவி லேசாக வாயைத் திறந்தபடி, ஒரு கை மகள் மேல் கிடக்க, அசையாமல் தூங்கிக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு தூக்கத்தை அவள் முகத்தில் நான் பார்த்ததே இல்லை.

மகள் உதட்டில் விரலை வைத்தாள். "உம்மா நல்லாத் தூங்குதா. சத்தம் போடாதீங்க வாப்பா."

சாயங்காலம் குழந்தைக்கு நேந்திரங்காய் சிப்ஸ் வாங்க என் மனைவியும் நானும் இறங்கிப் போனோம். கடைக்குப் பக்கத்தில் பாலத்துச் சுவரில் உட்கார்ந்தோம். நான் கேட்டுவிட்டேன்.

"ஜெனரேட்டர் சத்தத்துல தூங்குத. என் மெஷின்ல சத்தமே இல்ல. அங்க என்ன உனக்கு?"

அவள் சிப்ஸ் பொட்டலத்தின் வாயை மடித்து மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல. நீங்க இருக்கீங்கல்லா, அதான்."

"என்னது?"

"கோபப்படாதீங்க. கைப்பிள்ளைய வச்சிக்கிட்டு நான் அந்த வீட்டுல தனியாக் கெடந்தேன். பக்கத்துல ஆம்பள அசையுத சத்தம் கேட்டா யாரோ வந்துட்டாம்னு முழிச்சே பழகிட்டு. அது நீங்கதாம்னு புத்திக்குத் தெரியுது. ஒடம்புக்குத் தெரிய மாட்டேங்கு."

"லீவுக்கு வந்தேன்லா? அப்ப?"

"அப்பவும் தூங்கல. அறுவது நாளுதான, பொறுத்துக்கிட்டேன்."

பத்து லீவு. என் வாழ்க்கையில் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று யாராவது கேட்டிருந்தால், நான் அந்த அறுநூறு நாட்களைத்தான் சொல்லியிருப்பேன். தம்மாமில் ஆறு பேர் அறையில் படுத்துக்கொண்டு அதை நினைத்துத்தான் அடுத்த இரண்டு வருடத்தைக் கடப்பேன். அந்த நாட்களில் பக்கத்தில் ஒருத்தி, நான் எப்போது போவேன் என்று கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தாள்.

"உனக்காகத்தானடி அங்க போயிக் கெடந்தேன்" என்றேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நான் போகச் சொல்லலியே. வரவேண்டாம்னும் சொல்லல" என்றாள். சிப்ஸ் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு எழுந்து நடந்தாள்.

இதற்குப் பிறகு நான் செய்தது நல்ல மனிதன் செய்கிற காரியமில்லை. வீட்டுக்கு வந்ததும் மாஸ்க் போடுவதை நிறுத்தினேன். நான் மூச்சுத் திணறுவது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கட்டும், பயந்து எழுந்து வரட்டும் என்று. பாதி அதுதான் நோக்கம். மீதி, அவளும் தூங்காமல் கிடக்கட்டும் என்பது. அவள் வரத்தான் செய்தாள். கதவுப் பக்கம் நின்று, "மாஸ்க்கப் போடுங்க" என்பாள். நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வேன். கொஞ்ச நேரம் நிற்பாள். போய்விடுவாள். ஒரு வாரம் இப்படிச் செய்தேன்.

ஏழாம் நாள் காலை பத்து மணி வெயிலில், பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தபோது கண் செருகியது. நின்றிருந்த தள்ளுவண்டி ஒன்றில் போய் மோதினேன். கொய்யாப்பழமெல்லாம் ரோட்டில் உருண்டது. எனக்கு முழங்கையிலும் தாடையிலும் தையல். பழ வண்டிக்கார அம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்தான் என்னைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார். நான் குடித்திருக்கிறேனோ என்று வாயை முகர்ந்து பார்த்தார்.

ஆஸ்பத்திரிக்கு என் மனைவி வந்தாள். நர்ஸ் போகும்வரை காத்திருந்தாள்.

"செத்துப் போயிப் பழி தீக்கப் பாக்கீங்களா?" என்று கேட்டாள். குரல் நடுங்கியது. கோபத்தில் நடுங்கியதா, வேறெதிலாவதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஒரு மனைவியின் குரலை வைத்து அதைக் கண்டுபிடிக்கிற அளவுக்கு நான் அவளோடு இருந்ததில்லை.

தாடைத் தையல் ஆறுவதற்குள் மாஸ்க்கைப் போட ஆரம்பித்தேன். அதன் வார், தையலின் மேல் அழுத்தும். பொறுத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் திருநெல்வேலியில் டாக்டரைப் பார்க்கப் போனோம். மெஷினிலிருந்து எடுத்த சின்ன கார்டைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தார். இந்த ஒரு மாதமாக எல்லா நாளும் ஏழு மணி நேரம், மூச்சுத் தடை அநேகமாக இல்லை, ரொம்ப நல்லது என்றார். பிறகு திரையில் விரலை வைத்தார்.

"இங்க ஒரு வாரம் ஒண்ணுமே இல்லையே. என்ன ஆச்சு?"

நான் அவளைப் பார்த்தேன். அவள் மடியிலிருந்த பையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கரண்ட் இல்ல சார். எங்க பக்கம் டிரான்ஸ்பார்மர் போயிட்டு" என்றேன்.

டாக்டர் திட்டினார். இப்படி விடவே கூடாது, ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி வையுங்கள் என்றார். பஸ்ஸில் தென்காசி வந்தோம். இறங்கியதும் வீட்டுக்குப் போகாமல் கரண்ட் சாமான் விற்கிற கடைக்குள் நுழைந்தாள். கடைக்காரரிடம் அவளே பேசினாள்.

"இது விடியவிடிய ஓடுமா? நடுவுல நின்னுராதே? நின்னா இவங்களுக்கு மூச்சு நின்னுரும்."

அவள் அறைக்கும் சேர்த்துப் பெரிதாக வாங்கலாமே என்றேன். வேண்டாம், எனக்குப் பழக்கம்தான் என்றாள். இப்போது அந்தப் பெட்டி என் கட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. கரண்ட் போனால் வீடு முழுக்க இருட்டாகிவிடும், அவள் அறையில் ஃபேன் நின்றுவிடும். என் மெஷின் மட்டும் ஓடும். அது ஓடுகிற சத்தம்கூடக் கேட்காது. சுவருக்கு அந்தப் பக்கம் அவள் எழுந்து ஜன்னலைத் திறப்பது கேட்கும். அதற்குப் பிறகு நான் தூங்கிவிடுகிறேன். நன்றாகவே தூங்குகிறேன்.